மீதித் தொண்ணூறு எங்கே?

"மனுஷன் தன் மூளையில பத்து பர்சன்ட்தான் யூஸ் பண்றான்." மயிலம், திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் ஒரு பள்ளி ஆண்டு விழாவிலோ, தன்னம்பிக்கைப் பயிலரங்கிலோ உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கியம் எப்படியும் காதில் விழும். அடுத்து ஐன்ஸ்டைன் வருவார். மீதித் தொண்ணூறைத் திறக்கும் வழியும் வரும். தியானம் என்பார் ஒருவர், மூச்சுப் பயிற்சி என்பார் இன்னொருவர், பணம் கட்டிச் சேர வேண்டிய வகுப்பு என்பார் வேறொருவர்.

இந்த ஒற்றை வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. மூளையில் வேலை இல்லாமல் சும்மா கிடக்கும் பகுதி உண்டா? நினைவுக் கலைஞர்களும் கணித மேதைகளும் நம்மைவிடக் கூடுதலான மூளையைப் பயன்படுத்துகிறார்களா? எட்ட வேண்டிய உயரத்தை எட்டாமல் போகிறவர்களுக்கு எது தடை? பத்து சதவீதக் கணக்கு மூன்றுக்கும் ஒரே பதிலைக் கொடுத்துவிடுகிறது. அது இத்தனை காலம் தாக்குப்பிடித்ததற்கும், இத்தனை பேரைத் திசைதிருப்பியதற்கும் காரணம் அந்த வசதிதான். மூன்றையும் தனித்தனியே எடுத்துப் பார்ப்போம்.

கணக்கு பிறந்த கதை

ஐன்ஸ்டைன் இப்படிச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் கிடைத்ததில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1907இல் மனித ஆற்றல்களைப் பற்றி எழுதிய கட்டுரையில், நமக்கு வாய்த்திருக்கும் உடல், மன வளங்களில் ஒரு சிறு பங்கைத்தான் நாம் பயன்படுத்துகிறோம் என்றார். அதில் சதவீதம் இல்லை. மூளைத் திசுவைப் பற்றிய பேச்சும் இல்லை. சோம்பலையும் பழக்கத்தையும் தாண்டி மனிதனால் மேலே போக முடியும் என்பதே அவர் வாதம்.

1936இல் டேல் கார்னெகியின் புகழ்பெற்ற சுயமுன்னேற்ற நூலுக்கு முன்னுரை எழுதிய லோவல் தாமஸ், சராசரி மனிதன் தன் உள்ளார்ந்த மன ஆற்றலில் பத்து சதவீதத்தைத்தான் வளர்த்துக்கொள்கிறான் என்று ஜேம்ஸ் சொல்வதுண்டு என எழுதினார். புத்தகம் உலகமெங்கும் விற்றது. பத்தும் கூடவே போனது. போகிற வழியில் 'மன ஆற்றல்' உதிர்ந்து அந்த இடத்தில் 'மூளை' வந்து உட்கார்ந்துகொண்டது.

அறிவியல் பக்கத்திலிருந்தும் சில அரைகுறைச் செய்திகள் சேர்ந்தன. முன்மூளையின் சில பகுதிகளை மின்சாரத்தால் தூண்டினால் கையோ காலோ அசையவில்லை என்பதால் அவற்றை 'மௌனப் பகுதிகள்' என்று அழைத்தார்கள். திட்டமிடுவதும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதும் அங்கேதான் நடக்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. நரம்பணு ஒன்றுக்கு அதைத் தாங்கும் கிளியா அணுக்கள் பத்து என்று பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்ததும் பத்துக்கு வலு சேர்த்திருக்கலாம். பிரேசில் அறிவியலாளர் சுசானா ஹெர்குலானோ-ஹூசெல் குழுவினர் 2009இல் வெளியிட்ட எண்ணிக்கைப்படி மனித மூளையில் நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி. மற்ற அணுக்களும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

சினிமா இந்தக் கணக்கை விடவில்லை. 2014இல் வந்த 'லூசி' என்ற ஆங்கிலப் படத்தின் கதையே பத்தில் தொடங்கி நூறில் முடிகிறது. முன்னோரின் திறமை மரபணுவில் உறங்குகிறது, அதை எழுப்பலாம் என்று 2011இல் 'ஏழாம் அறிவு' சொன்னதும் இதற்குப் பங்காளிக் கருத்துதான். படித்தவர்களும் விதிவிலக்கல்ல. 2012இல் வெளியான ஓர் ஆய்வு பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்கள் 242 பேரைக் கேட்டது. மூளையில் பத்து சதவீதமே பயன்படுகிறது என்பதைக் கிட்டத்தட்டப் பாதிப்பேர் உண்மை என்று நம்பினார்கள்.

நெடுஞ்சாலையின் சாட்சி

முதல் கேள்விக்குப் பதில் தேட மயிலத்திலிருந்து வெகுதூரம் போக வேண்டாம். கூட்டேரிப்பட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைப் பிடித்துத் தெற்கே போனால் விக்கிரவாண்டியைத் தாண்டி முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நெடுஞ்சாலை ஓரத்து மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் தலைக்காயம் பழகிப்போன ஒன்று. ஹெல்மெட் இல்லாமல் வண்டியிலிருந்து விழுகிறவரின் தலை எந்தப் பக்கம் தரையில் மோதும் என்று யாரும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. மூளையில் தொண்ணூறு சதவீதம் உதிரியாக இருந்தால் பத்து அடியில் ஒன்பது அடி பாதிப்பே இல்லாமல் போக வேண்டும். அப்படிப் போவதில்லை.

நெற்றிப் பக்கம் அடிபட்டவர் பிழைத்து வீட்டுக்கு வருவார். கை கால் நன்றாக இருக்கும். "ஆள் முன்ன மாதிரி இல்ல" என்பார்கள் வீட்டார். தொட்டதற்கெல்லாம் கோபம் வரும், எடுத்த வேலை முடியாது, பணத்தை எண்ணிச் செலவழிக்கத் தெரியாது. பின்மண்டையில் அடிபட்டவருக்குக் கண் பழுதில்லாமல் இருந்தும் பார்வையின் ஒரு பகுதி மறைந்துபோகலாம். இடது பக்கம் அடிபட்ட பலருக்குப் பேச்சு குழறும். சொல்ல வந்த சொல் கிடைக்காது. முதல் உலகப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களைச் சோதித்துத்தான் பிரிட்டிஷ் மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், மூளையின் பின்பகுதியில் எந்தப் புள்ளி பார்வைப் புலத்தின் எந்த மூலைக்குப் பொறுப்பு என்று வரைபடம் போட்டார்.

பக்கவாதம் இதைவிடக் கறாரான சாட்சி. மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் ஒரு கணக்கு வந்தது. வாய் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று மருத்துவர்கள் மன்றாடுவது அதனால்தான். சும்மா கிடக்கும் திசுவுக்காக யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

விழித்திருக்கும் நோயாளி

கனடாவின் மான்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டு 1930களிலிருந்து வலிப்பு நோயாளிகளுக்கு ஒரு வினோதமான அறுவை சிகிச்சை செய்துவந்தார். மண்டைத் தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மூளையைத் திறப்பார். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. மெல்லிய மின்முனையால் ஓரிடத்தைத் தொட்டால் கட்டைவிரல் துடிக்கும். அடுத்த இடத்தைத் தொட்டால் உதடு மரமரக்கும். இன்னோர் இடத்தில் வைத்தால் எண்ணிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிடுவார். தொட்ட இடத்திலெல்லாம் சிறு எண் அட்டை வைத்துக் குறிப்பார். வெட்டக் கூடாத இடம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனையும்.

மான்ட்ரியாலில் பயின்ற ஜேக்கப் சாண்டி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து 1949இல் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அதே பணியை ஆரம்பித்தார். ஆக, வடதமிழ்நாட்டுக்கு இந்த அறிவு எழுபது ஆண்டுக்கு மேலான சொத்து. இந்தத் துறையில் கட்டியை எடுக்கும் மருத்துவர் கட்டியைச் சுற்றி ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தயங்குவார். தயங்காமல் வெட்டிப் போடத் தொண்ணூறு சதவீதம் இருந்திருந்தால் அவர் வேலை எவ்வளவோ லேசாகியிருக்கும்.

எரிபொருள் செலவு

வளர்ந்தவரின் மூளை ஏறக்குறைய 1.3 முதல் 1.4 கிலோ, உடல் எடையில் சுமார் 2 சதவீதம். உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் அது 20 சதவீதத்தை விழுங்குகிறது. பஞ்சத்திலும் பட்டினியிலும் பிழைத்து வந்த உயிரினம், பத்தில் ஒன்பது பங்கு வேலை செய்யாத உறுப்புக்கு இவ்வளவு சோறு போட்டிருக்காது.

ஸ்கேன்களும் அதையே காட்டுகின்றன. ஒரு வேலையைச் செய்யும்போது சில பகுதிகள் கூடுதலாகச் சுறுசுறுப்படைகின்றன, மற்றவை அணைந்துவிடுவதில்லை. பத்திரிகைகளில் வரும் வண்ணப் படங்களில் சிவப்பும் மஞ்சளும் இல்லாத இடம் இருட்டு என்று பார்க்கிறவர் நினைத்துக்கொள்கிறார். படம் காட்டுவது கூடுதலை மட்டுமே. எதுவும் செய்யாமல் சும்மா இருப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில்தான் சில பகுதிகள் அதிகம் உழைக்கின்றன என்று மார்கஸ் ரெய்க்கிள் குழுவினர் 2001இல் காட்டினார்கள். பழைய நினைவுகளைப் புரட்டுவது, நாளைய காரியத்தை யோசிப்பது போன்றவற்றில் அப்பகுதிகளுக்குப் பங்குண்டு. தூக்கத்திலும் மூளை படுத்துவிடுவதில்லை.

பத்து சதவீதக் கட்சிக்காரர் பிடித்துக்கொள்ளக்கூடிய ஓர் உண்மையும் உண்டு. ஆற்றல் செலவைக் கணக்கிட்ட பீட்டர் லெனி, ஒரே நொடியில் தீவிரமாக இயங்கக்கூடிய புறணி நரம்பணுக்கள் நூற்றில் ஒன்றுதான் என்று 2003இல் மதிப்பிட்டார். இது பத்தைவிடக் குறைவு! ஆனால் அந்த ஒன்று நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்கிறது. ஆர்மோனியத்தில் ஒரு நேரத்தில் இரண்டு மூன்று கட்டைகளைத்தான் அழுத்துகிறோம். எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தினால் பாட்டு வராது. மூளையின் பெருந்திரளான நரம்பணுக்கள் ஒரே சமயத்தில், ஒரே தாளத்தில் எரிந்தால் வருவது மேதைமை அல்ல, வலிப்பு.

பாதி மூளையோடு வாழ்கிறவர்கள்

நேர்மையான மறுப்பு ஒன்று பாக்கி இருக்கிறது. தீராத வலிப்புக்காகக் குழந்தைப் பருவத்தில் மூளையின் ஒரு பாதியையே அகற்றியும் நடக்கிற, பேசுகிற, படிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். 1980இல் இங்கிலாந்தின் ஜான் லார்பர், மண்டைக்குள் நீர் தேங்கி மூளைத்திசு மெல்லிய ஏடாகிப்போன ஒரு மாணவர் கணிதத்தில் பட்டம் பெற்றதாகச் சொல்லிப் பரபரப்பூட்டினார். 2007இல் பிரான்ஸில் 44 வயது அரசு ஊழியர் ஒருவரின் ஸ்கேனில் மண்டையின் பெரும்பகுதி நீராகவே தெரிந்தது. அவருக்குக் குடும்பமும் பிள்ளைகளும் இருந்தன.

இவை மீதி மூளை வெட்டி என்பதற்குச் சான்றாகுமா? ஆகாது. நீர் மெதுவாகத் தேங்கும்போது திசு முழுவதும் அழிவதில்லை. மண்டையோட்டின் ஓரத்துக்கு நசுங்கி ஒதுங்குகிறது. பிரெஞ்சுக்காரரின் நுண்ணறிவு எண் 75, சராசரிக்குக் கணிசமாகக் கீழே. பாதி மூளை நீக்கப்பட்ட பிள்ளைகளுக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பலவீனம் தங்கிவிடுகிறது, பார்வைப் புலத்தில் பாதி போய்விடுகிறது. இளம் மூளை தன் வேலைகளை மறுபங்கீடு செய்துகொள்ளும் என்பதை இவை காட்டுகின்றன. ஆளில்லாமல் கிடந்த அறை எதுவும் அங்கே திறக்கப்படவில்லை.

கவனகரின் ரகசியம்

இரண்டாம் கேள்வி தமிழருக்கு நெருக்கமானது. வில்லியம் ஜேம்ஸின் கட்டுரை வெளிவந்த அதே 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நாகர்கோவில் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். அட்டாவதானி, தசாவதானி, சதாவதானி என்று பட்டப்பெயரே கவனங்களின் எண்ணிக்கையைச் சொல்லும். விழுப்புரத்தை ஒட்டிய திருவாமாத்தூரில் மடம் அமைத்து 1898இல் அங்கேயே மறைந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் லட்சம் பாடல் பாடியவர் என்று போற்றப்படுகிறவர். ஆதீனமும் தமிழ்க் கல்லூரியும் உள்ள மயிலத்தில் இந்த மரபை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அவதான அரங்கில் நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஒருவர் முதுகில் பூக்களை எறிந்துகொண்டே இருப்பார். எத்தனை என்று கடைசியில் சொல்ல வேண்டும். ஒருவர் மணி அடிப்பார். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் ஒரு செய்யுளின் எழுத்துகளை முன்பின்னாகக் கலைத்து ஒவ்வொன்றாகச் சொல்வார். இடையில் பெருக்கல் கணக்கு வரும், பழைய தேதிக்குக் கிழமை கேட்பார்கள். கவனகர் இவற்றை ஒரே நேரத்தில் செய்வதில்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மிக வேகமாகத் தாவுகிறார், விட்ட இடத்தை விடாமல் பிடிக்கிறார். அவர் மனத்தில் ஆயிரக்கணக்கான செய்யுள்கள் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன. எதுகை அடுத்த அடிக்கு வழிகாட்டும். சீரின் அளவு தவறான சொல்லைத் தள்ளிவிடும். அந்தாதி ஒரு பாட்டின் முடிவில் அடுத்த பாட்டைக் கையில் கொடுக்கும். யாப்பு என்பது அழகுக்கு மட்டுமன்று, நினைவுக்கான சாரமும்கூட.

ஆய்வகம் இதை உறுதிசெய்திருக்கிறது. உலக நினைவுப் போட்டியாளர்களைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வில், சாதாரண ஆட்களுக்கு நாளுக்கு அரை மணி நேரம் வீதம் ஆறு வாரம் 'இடமுறை'ப் பயிற்சி தரப்பட்டது. தெரிந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சொல்லை மனத்தால் வைத்துவிட்டுத் திரும்ப நடந்து எடுப்பதுதான் இடமுறை. 72 சொற்களில் சராசரியாக 26ஐ நினைவு வைத்தவர்கள் பயிற்சிக்குப் பின் 62ஐச் சொன்னார்கள். மூளைப் பகுதிகளுக்கு இடையிலான ஒத்திசைவு போட்டியாளர்களுடையதை நோக்கி நகர்ந்தது. புதிதாக எந்தப் பகுதியும் விழித்துக்கொள்ளவில்லை.

1980இல் லண்டனில் இரண்டு 13 இலக்க எண்களை 28 நொடியில் பெருக்கிய சகுந்தலா தேவியின் கதையும் இதே திசையில்தான். அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் அவரைச் சோதித்து 1990இல் எழுதினார். விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற அடிப்படை வேகச் சோதனைகளில் அவர் சாதாரணம். எண்களில் மட்டுமே அசாதாரணம். தலைக்குள் பொதுவான ஏதோ ஒரு கதவு திறந்திருந்தால் எல்லாச் சோதனையிலும் அவர் மின்னியிருக்க வேண்டும்.

நடுமூளை வியாபாரம்

இந்த வேறுபாடு தெரியாத இடத்தில்தான் கடை விரிகிறது. 2010களில் 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்ற வகுப்புகள் இந்திய நகரங்களில் பரவின. மலேசியாவில் பெருகிய சரக்கு, தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஓரிரு நாள் பயிற்சிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம், கடைசியில் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு அட்டையின் நிறத்தைச் சொல்லும், புத்தகம் படிக்கும்.

நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேல்முனையில் உள்ள சிறு பகுதி. கண்மணியை அசைப்பது, விழிப்பு நிலையைக் காப்பது, டோபமைன் அணுக்கள் மூலம் உடலசைவைச் சீராக்குவது அதன் வேலைகள். அந்த அணுக்கள் தேய்வதால் வருவதுதான் பார்க்கின்சன் நோய். பிறக்கும் முன்பே வேலையைத் தொடங்கிவிட்ட பகுதியை யாரும் 'ஆக்டிவேட்' செய்யத் தேவையில்லை. அது நின்றுவிட்ட பிள்ளை வகுப்புக்கு வராது, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்.

கட்டிய கண் எப்படிப் படிக்கிறது? மங்களூரின் பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் ஊர் ஊராகச் சென்று காட்டியது இதைத்தான்: மூக்கின் இரு பக்கமும் துணி ஒட்டாமல் ஒரு சந்து விழும். பிள்ளை தலையைச் சற்று நிமிர்த்தி அதன் வழியே கீழே பார்க்கிறது. அட்டையை நெற்றிக்கு நேரே உயர்த்திப் பிடித்தாலோ, ஓரமெல்லாம் அடைத்த நீச்சல் கண்ணாடியை மாட்டினாலோ வித்தை நின்றுவிடும். பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு. பெற்றோர் கைதட்டும்போது, தான் பார்த்துத்தான் சொல்கிறேன் என்பதை அந்தப் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்கிறது.

தடை எங்கே இருக்கிறது?

மூன்றாம் கேள்விக்கு இந்த மண்ணிலேயே ஒரு பழைய விடை உண்டு. கல்லூரித் தேர்வில் தோற்று, உதவித்தொகையை இழந்து, வேலையும் இல்லாத ஓர் இளைஞர், 1910இல் அன்றைய தென் ஆர்க்காடு மாவட்டத் திருக்கோவிலூருக்குக் குறிப்பேட்டுடன் வந்து துணை ஆட்சியரைப் பார்த்தார். வந்தவர் சீனிவாச ராமானுஜன். துணை ஆட்சியர் வி. ராமசாமி ஐயர், இந்தியக் கணிதச் சங்கத்தை 1907இல் தொடங்கியவர். கேட்ட வேலை வருவாய்த்துறைக் குமாஸ்தா வேலை. குறிப்பேட்டைப் புரட்டியவர் இந்த ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்க மனம் வராமல் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1911இல் அச்சங்கத்தின் இதழில் ராமானுஜனின் முதல் கட்டுரை, 1914இல் கேம்பிரிட்ஜ்.

திருக்கோவிலூருக்கு வந்த நாளில் ராமானுஜனின் மூளை முழுதாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. இல்லாதது சோறும் தாளும், படித்துப் பார்த்துப் புரிந்துகொள்ள ஓர் ஆளும். மேதைக்கே அப்படி என்றால் மற்றப் பிள்ளைகளுக்கு? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு கவனத்தையும் கற்றலையும் பாதிக்கும். கருவுற்ற தாய்க்கு அயோடின் போதாவிட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சியே குன்றும். 1956இல் காமராஜர் விரித்த மதிய உணவும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் மூளைக்குச் செய்திருக்கும் நன்மையை எந்த 'ஆக்டிவேஷன்' வகுப்பும் செய்ததில்லை.

கற்கும் முறையிலும் சேதி உண்டு. பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களையும், ஒருமுறை படித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களையும் 2006இல் ரோடிகரும் கார்பிக்கியும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் முதல் கூட்டம் முந்தியது. ஒரு வாரம் கழித்து இரண்டாம் கூட்டம் தெளிவாக முந்தியது. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் முறை சொல்லிக் கேட்டதும் இந்த வகைதான். பொருள் புரியாத உருப்போடுதலை விட்டுவிட்டு அந்த ஒப்பித்தலை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். செலவில்லை.

வில்லியம் ஜேம்ஸ் சொன்னது பொய்யாகவில்லை. மனிதர்கள் தங்களால் ஆவதில் கொஞ்சத்தைத்தான் செய்து முடிக்கிறார்கள். அந்தக் குறை மண்டையோட்டுக்குள் இல்லை. தட்டிலும் தூக்கத்திலும் நூலகத்திலும் ஆசிரியர் எண்ணிக்கையிலும் பழகிய மணிநேரத்திலும் இருக்கிறது. பத்து சதவீதக் கதை இத்தனையையும் அழித்துவிட்டு, பின்தங்கிய பிள்ளையைப் பார்த்து "உனக்குள்ளே இருக்கிறது, நீதான் திறக்கவில்லை" என்கிறது. கேட்க ஊக்கம் போலத் தெரியும். உள்ளே இருப்பது குற்றச்சாட்டு. ஆகவே அடுத்த ஆண்டு விழாவில் மேடையிலிருந்து மீதித் தொண்ணூறைப் பற்றி யாராவது பேசினால், பள்ளியில் படிப்பக நேரம் எவ்வளவு, இரும்புச்சத்து மாத்திரை வாராவாரம் கிடைக்கிறதா, பிள்ளைகளின் கண்ணைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று பெற்றோர் கேட்கலாம். பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் அதே மேடையில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.